நலமா?

நெடுநாள் கழித்து உறவினரையோ நண்பரையோ காணும்போது நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘நலமா?’ என்பதே. கேட்கப்பட்டவரும் சற்றும் எண்ணிப் பாராமல் ‘நலம்’ என்பார். கடிதம் எழுதுவோரும், ‘இங்கு யாவரும் நலம், அங்குள்ளோர் நலம் அறிய ஆவல்’ என்று தொடங்குவதே நம் நாட்டு வழக்கம். காய்ச்சலோடு படுத்திருப்பவர்கூட முதல் வரியில் நலம் என்று எழுதிவிட்டு, நான்காம் வரியில்தான் தம் காய்ச்சலைப் பற்றி எழுதுவதுண்டு. மரியாதைக்காகச் சொல்லப்படும் இச்சொல்லால் எவருக்கும் தீங்கு இல்லை.

ஆனால், இதே வினாவை ஒரு மருத்துவர் கேட்டால், அல்லது ஓர் அரசு கேட்டால், அதுவும் நாடெங்கும் பெருந்தொற்று பரவியிருக்கும் காலத்தில் கேட்டால், ‘நலம்’ என்னும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? விடை கூறுபவர் செல்வரா, வறியவரா என்பதற்கு ஏற்ப அவ்விடையின் பொருள் மாறுமா? மாணவர்களே, இவ்வினாக்களை ஆராய்ந்து பார்ப்போம்.

விருதுநகரிலிருந்து சாத்தூரை நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் சூலக்கரை என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த கரிசல் நிலம். மழை குறைந்த அப்பகுதியில் உழவை மட்டுமே நம்பி வாழ இயலாது. ஆதலால், மக்கள் பிற தொழில்களைத் தேடினர். 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். மழையின்மை உழவுக்குப் பகையாயினும், தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர்வதற்கு உதவியாயிற்று. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அதனைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று இந்தியாவில் விற்பனையாகும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் செய்யப்படுவதே. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளும், அவற்றை நம்பி வாழும் இலட்சக்கணக்கான மக்களும் அங்கு உள்ளனர்.

சூலக்கரைக்கு அண்மையிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அமைந்துள்ளது. ஆகவே, மாதந்தோறும் ஊதியம் பெறும் அலுவலரையும், அன்றன்று கூலி பெறும் தொழிலாளரையும் அவ்வட்டாரத்தில் அருகருகே காணலாம். நாம் ஆராயப் புகுந்த பொருளுக்கு இஃது ஏற்ற இடம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், கொரோனா நோய் உலகப் பெருந்தொற்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 25-ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கடைகள் அடைபட்டன, பேருந்துகள் நின்றன, பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன. மே மாதத்தில் ஆலைகள் கட்டுப்பாடுகளுடனும் குறைந்த ஆட்களுடனும் மீண்டும் திறந்தன. ஊரடங்கின் ஆணை யாவருக்கும் ஒன்றே. ஆனால், மாதச் சம்பளக்காரருக்கு அது வீட்டில் இருக்கும் காலமாயிற்று. நாள் கூலிக்காரருக்கு அது வருவாய் இல்லாத காலமாயிற்று.

இப்போது இரண்டு வீடுகளை மனக்கண்ணால் காண்போம். இவை நாமே புனைந்துகொண்ட வீடுகள். ஆயினும், இத்தகைய வீடுகள் அன்று ஊர்தோறும் இருந்தன.

முதல் வீடு ஓர் அலுவலருடையது. ஒருநாள் மாலை அவருக்கு உடம்பு சுடுகிறது, தொண்டை கரகரக்கிறது. வெப்பமானியை நாவின் கீழ் வைத்துப் பார்க்கிறார். தமக்குத் தெரிந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அறிவுரை கேட்கிறார். மாடியில் உள்ள தனி அறைக்குச் சென்று படுத்துக்கொள்கிறார். அலுவலகத்திலிருந்து நலம் உசாவுகின்றனர். “உடல்நலம் சரியில்லை, ஒரு வாரம் விடுப்பு வேண்டும்” என்கிறார் அவர். விடுப்பும் கிடைக்கிறது, மாத இறுதியில் சம்பளமும் குறையாமல் வருகிறது.

இரண்டாவது வீடு பட்டாசு ஆலைக்குச் செல்லும் ஒரு தாயினுடையது. அவர் செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. வீடோ ஒற்றை அறை; அதில் ஐவர் வாழ்கின்றனர். அதே மாலையில் அவருக்கும் உடம்பு சுடுகிறது, தொண்டை கரகரக்கிறது. சுக்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். விடியற்காலையில் ஆலையின் வண்டி தெருமுனைக்கு வந்ததும் ஏறிவிடுகிறார். அவருடைய முகவாட்டத்தைக் கண்ட மேற்பார்வையாளர், “என்னம்மா, உடம்புக்கு ஏதும் செய்கிறதா?” என்று கேட்கிறார். “ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்” என்கிறார் அத்தாய்.

இரண்டு உடல்களிலும் இருந்தது ஒரே காய்ச்சல்; வந்த விடைகளோ இரண்டு. ஒருவர் ‘நலமில்லை’ என்றார். மற்றவர் ‘ஒன்றும் இல்லை’ என்றார். அத்தாய் பொய் சொன்னார் என்று நாம் முடிவு கட்டலாமா? கூடாது. அவருடைய சொல்லுக்குப் பின்னால் மூன்று காரணங்கள் உள்ளன. அவற்றை அறிந்த பின்னரே அச்சொல்லை நாம் எடைபோட வேண்டும்.

முதற் காரணம், நோயின் விலை. நோய் என்பது உடலுக்கு வரும் துன்பம் மட்டும் அன்று. வறியவர்க்கு அஃது ஒரு செலவுக் கணக்கும் ஆகும். மருத்துவமனைக்குச் செல்ல வண்டிச் சத்தம் வேண்டும். மருந்து வாங்கப் பணம் வேண்டும். இவ்விரண்டினும் பெரியது, அன்றைய கூலி போய்விடுவது. மறுநாள் சென்றால், அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கவும் கூடும். பெருந்தொற்றுக் காலத்திலோ இச்செலவு பன்மடங்காகப் பெருகிற்று. நோய் உண்டு என்று தெரிந்தால், வீட்டில் உள்ள அனைவரும் பதினான்கு நாள் வெளியே செல்லாமல் இருக்க வேண்டும். வாயிலில் அறிவிப்பு ஒட்டப்படும்; அக்கம்பக்கத்தார் ஒதுங்கிச் செல்வர். ஒரு சொல்லைச் சொல்வதால் ஐந்து பேர் உணவு இழக்க நேருமாயின், அச்சொல்லை நாக்கு தானே விழுங்கிவிடும். நாளடைவில் நெஞ்சும் அதற்கு உடன்படும். பிறரிடம் ‘அசதிதான்’ என்று சொல்லிச் சொல்லித் தாமும் அதனையே நம்பத் தொடங்குவர்.

இரண்டாவது காரணம், பழக்கம். காலை முதல் மாலை வரை குனிந்து அமர்ந்து வேலை செய்பவருக்கு முதுகு நோவது அன்றாட நிகழ்ச்சி. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் புழங்கும் இடத்தில் இருமல் வருவதும் புதிது அன்று. நாள்தோறும் வரும் நோவை நோய் என்று எவர் எண்ணுவார்? சுமை தூக்கிப் பழகிய தோளுக்குச் சிறிது கூடுதலான சுமை தெரிவதில்லை. அதுபோலவே, துன்பத்துக்குப் பழகிய உடலுக்குப் புதிய துன்பம் தனியே தெரிவதில்லை. மற்றவர் நோய் என்று எண்ணும் நிலையை, அவர் நாள்தோறும் காணும் நிலை என்று எண்ணுகிறார்.

மூன்றாவது காரணம், மருத்துவத்தின் சேய்மை. ஒரு நோவுக்கு நோய் என்னும் பெயரைச் சூட்டுபவர் மருத்துவர். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் தொடக்கத்தில் எவ்வகைத் துன்பமும் தாரா. அளந்து பார்த்துச் சொன்னாலன்றி அவை இருப்பதையே நாம் அறியோம். ஆண்டுதோறும் உடலைச் சோதித்துக்கொள்ளும் வசதியுடையவர், ‘எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு’ என்பார். அதே அளவு கொதிப்பு உள்ள ஏழையோ, ஒருபோதும் சோதித்துக்கொண்டதில்லை. ஆதலால், ‘எனக்கு ஒரு நோயும் இல்லை’ என்பார். இருவரும் தாம் அறிந்த உண்மையையே கூறுகின்றனர்.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர், 1998-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். அவர் சுட்டிக்காட்டிய பழைய ஆய்வு ஒன்று நம் சிந்தனையைத் தூண்டுவது. 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தில் கொடிய பஞ்சம் தோன்றிப் பல இலட்சம் பேரைக் கொன்றது. அதற்கு அடுத்த ஆண்டில், கல்கத்தாவை அடுத்த சிங்கூர் என்னும் ஊரில், மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் அவரவர் உடல்நலம் பற்றிக் கேட்டனர். ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தம் உடல்நலம் கெட்டிருக்கிறது அல்லது திருப்தியாக இல்லை என்றனர். பெண்களிலோ அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பஞ்சம் பெண்களை விட்டு ஆண்களை மட்டும் வாட்டிற்றா? இல்லை. அக்காலத்தில் வறுமையாலும் வழக்கத்தாலும் மிகவும் ஒடுக்கப்பட்டவர்கள் கைம்பெண்களே. அவர்கள் குறை சொல்லாமைக்குக் காரணம், குறை இல்லாமை அன்று. குறை சொல்லலாம் என்னும் எண்ணமே இல்லாமை.

அமர்த்தியா சென் மற்றோர் ஒப்பீட்டையும் செய்தார். இந்திய மாநிலங்களுள் மக்களின் வாழ்நாள் நீண்டிருப்பதில் முன்னணியில் நிற்பது கேரளம். பீகாரிலோ வாழ்நாள் குறைவு. மருத்துவ வசதியும் குறைவு. அவ்வாறாயின், ‘நோய் உண்டு’ என்று கூறுவோர் பீகாரில்தானே மிகுதியாக இருத்தல் வேண்டும்? உண்மை அதற்கு மாறாக இருந்தது. நோய் உண்டு என்று கூறியோர் கேரளத்தில் மிகுதி, பீகாரில் குறைவு. செல்வ நாடாகிய அமெரிக்காவில், அவ்வாறு கூறுவோர் கேரளத்தினும் மிகுதி. எழுத்தறிவும் மருத்துவமும் பரவிய இடத்தில் மக்கள் தம் உடலை உற்று நோக்கக் கற்கின்றனர்; சிறு குறையையும் பெயர் சொல்லிக் கூறுகின்றனர். அவை பரவாத இடத்தில் நோய் வாய் திறவாமலே உயிரைக் கொண்டு போகிறது. மக்களின் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு நலத்தைக் கணக்கிடும் அரசு, பீகாருக்கு மருத்துவமனை தேவையில்லை என்னும் விபரீதமான முடிவுக்கே வரும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இத்தவறு எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை நன்கு உணர்தல் வேண்டும். கொரோனா நோயில் வியப்பான ஒரு நிலையை மருத்துவர்கள் கண்டனர். விரல் நுனியில் பொருத்தும் சிறு கருவி ஒன்று இரத்தத்தில் உள்ள உயிர்வளியின் அளவைக் காட்டும். நல்ல உடலில் அது பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்குக் குறையாது. நோயாளிகள் சிலரிடம் அது 90-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆயினும், அவர்கள் மூச்சுத் திணறல் என்று எதனையும் உணரவில்லை, இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தனர். ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்றனர். அவர்கள் உயிரைக் காத்தது அவர்களுடைய உணர்வு அன்று, அக்கருவியே. அக்கருவி எல்லா வீட்டிலும் இருந்ததா? வாங்க வல்லார் வீட்டில் இருந்தது. வறியவர் வீட்டில் உணர்வு ஒன்றே அளவுகோலாக இருந்தது, அவ்வளவுகோலோ பொய்த்தது.

2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மும்பை நகரின் மூன்று வட்டங்களில் ஓர் இரத்தச் சோதனை நடத்தினர். நோய் வந்து போனதற்கான அடையாளம் யாருடைய இரத்தத்தில் உள்ளது என்று ஆராய்ந்தனர். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரிடம் அவ்வடையாளம் இருந்தது. பிற பகுதிகளில் அவ்வாறு இருந்தவர் நூற்றுக்கு 16 பேரே. குடிசைப் பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோரை நோய் தொட்டுச் சென்றிருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் தமக்கு நோய் வந்தது என்பதையே அறியாதிருந்தனர். பலருக்கு அறிகுறி தோன்றவில்லை என்பது உண்மையே. எனினும், ஒரே குழாயடியும் ஒரே கழிப்பறையும் பலருக்குப் பொதுவாக இருக்கும் இடத்தில், ‘விலகி இருங்கள்’ என்னும் அறிவுரையை எவ்வாறு கடைப்பிடிக்க இயலும்?

ஏற்றத்தாழ்வு நோயின் போக்கை மாற்றுவது இன்று நேற்று நிகழ்வது அன்று. 1918-ஆம் ஆண்டில் பரவிய நச்சுக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. அப்போது பம்பாய் நகரில் எடுத்த கணக்கின்படி, ஆங்கிலேயர் முதலிய ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தனர். தாழ்த்தப்பட்ட சாதியாரிலோ ஆயிரத்துக்கு 61 பேர் இறந்தனர். கிருமிக்குச் சாதி தெரியாது, செல்வமும் தெரியாது. ஆனால், காற்றோட்டம் இல்லாத வீடும், வயிறு நிறையாத உணவும், ஓய்வு இல்லாத உழைப்பும் யாருக்கு வாய்த்தனவோ, அவர்களையே அது எளிதிற் பற்றியது. இங்கிலாந்திலும், 2020-ஆம் ஆண்டில் மிக வறிய பகுதிகளில் கொரோனாவால் இறந்தோர் விகிதம், வளமான பகுதிகளைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘ஏழைகள் எப்போதும் நோயை மறைத்து நலம் என்றே கூறுவார்களா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். அவ்வாறும் அன்று. இங்கிலாந்து போன்ற நாடுகளில், மருத்துவம் யாவருக்கும் எட்டும் நிலையில் உள்ளது. அங்கு, ‘உங்கள் உடல்நலம் எப்படி?’ என்று கேட்டால், வளமானவரை விட வறியவரே ‘நன்றாக இல்லை’ என்று மிகுதியாகக் கூறுகின்றனர். 1967-ஆம் ஆண்டில் லண்டன் நகரின் அரசு அலுவலர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அவர்களுள் பட்டினி கிடந்தவர் எவரும் இலர். யாவரும் நிலையான ஊதியம் பெற்றவரே. ஆயினும், பதவிப் படியில் கீழே செல்லச் செல்ல இறப்பும் படிப்படியாக மிகுந்திருந்தது. வறுமை மட்டும் அன்று, ஏற்றத்தாழ்வும் உடலைத் தாக்கும் என்பதை இவ்வாராய்ச்சி உலகுக்கு உணர்த்தியது. தன் வாழ்வு தன் கையில் இல்லை என்னும் எண்ணம் நெஞ்சில் தங்கும்போது, அஃது உறக்கத்தைக் கெடுக்கிறது. இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. நாளடைவில் நோயாகவே முதிர்கிறது.

பட்டாசுத் தொழிலாளர் வாழ்வில் இதனைக் காணலாம். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில், உச்ச நீதிமன்றம் பட்டாசுத் தயாரிப்புக்கும் வெடிப்பதற்கும் கட்டுப்பாடுகளை விதித்தது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் பல நாள் மூடிக்கிடந்தன. அவ்விடரிலிருந்து மீள்வதற்குள் ஊரடங்கு வந்தது. ஊரடங்கு தளர்ந்து, தீபாவளியை நம்பி வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2020 நவம்பரில் டெல்லியும் இராசத்தானும் ஒடிசாவும் பட்டாசுக்குத் தடை விதித்தன. நோய்க்காலத்தில் புகை கூடாது என்பது அவற்றின் கருத்து. அக்கருத்தில் நியாயம் இருந்தது. ஆனால், ஓர் ஊரின் நுரையீரலைக் காக்க இட்ட ஆணை, மற்றோர் ஊரின் அடுப்பை அணைத்தது. அடுப்பு அணைந்த வீட்டில் இருப்பவருக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். எனினும், அவருக்கு உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, உணவு இறங்குவதில்லை. ‘உடம்பே சரியில்லை’ என்கிறார். சோதித்துப் பார்த்தால் கிருமி இல்லை என்று விடை வரும். அதனால் அவர் நலமாக இருக்கிறார் என்று கூறிவிட முடியுமா?

ஆகவே, ஏற்றத்தாழ்வு மனிதனின் நல உணர்வை இரு வகையிற் குலைக்கிறது. மெய்யான காய்ச்சலை ‘அசதி’ என்று எண்ணச் செய்கிறது. மெய்யான கவலையை நோயாக மாற்றி உடலில் ஏற்றிவிடுகிறது. முன்னதில் நோய் இருந்தும் சொல் இல்லை. பின்னதில் சொல் இருந்தும் அதனைக் குறித்துக்கொள்ள ஏடு இல்லை. இரண்டிலும் வறியவரின் துன்பம் கணக்கில் ஏறாமலே போகிறது.

இதனை வறியவரின் அறியாமை என்று இகழ்தல் பெருந்தவறு. அத்தாயின் விடை அறியாமையால் வந்தது அன்று; தம் வீட்டுக் கணக்கை நன்கு அறிந்ததால் வந்தது. எனவே, அறிவுரை மட்டும் கூறி இதனை மாற்ற முடியாது. அக்கணக்கை மாற்ற வேண்டும்.

அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அக்காப்பீட்டுக்கு உட்பட்ட தொழிலாளி நோயுற்றால் மருத்துவம் பெறுவதோடு, மருத்துவர் சான்றின்மேல் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காட்டையும் பெறலாம். நோயுற்ற நாளிலும் கூலி உண்டு என்னும்போது, ‘நலமில்லை’ என்னும் சொல்லின் விலை குறைகிறது. ஆயினும், வீட்டிலிருந்து காகிதக் குழல் உருட்டுவோர், திரி கட்டுவோர், இன்று ஓர் இடத்திலும் நாளை வேறோர் இடத்திலுமாக வேலை செய்வோர் எனப் பலர் இக்காப்பீட்டின் வேலிக்கு வெளியே நிற்கின்றனர்.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு, அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு 2020-இல் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வழங்கிற்று. 2021-இல் நாலாயிரம் ரூபாய் இரு தவணையாக வழங்கப்பட்டது. இழந்த கூலியை இவை முழுதும் ஈடு செய்யவில்லை. எனினும், சில நாளேனும் வீட்டில் தங்குவதற்குத் துணை செய்தன. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், காய்ச்சல் முகாம்கள் தெருக்களுக்கே சென்றன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி நலப்பணியாளர்கள் வீடு தேடி வந்து, இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் அளந்து பார்த்து மருந்து தருகின்றனர். 2022-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளுள் விருதுநகர்க் கல்லூரியும் ஒன்று.

இத்திட்டங்களின் உள்ளே ஒரு பொதுக் கருத்து உள்ளது. அது, துன்பப்படுபவர் தாமே வந்து கேட்க வேண்டும் என்று காத்திராமை. விருதுநகரில் 1903-ஆம் ஆண்டில் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய காமராசர், 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைப் பரவச் செய்தார். பசித்த பிள்ளை ‘பசிக்கவில்லை’ என்று சொல்லும் என்பது வறுமையை நேரில் கண்டவர்க்குத் தெரியும். அப்பிள்ளை வாய் திறந்து கேட்கட்டும் என்று அத்திட்டம் காத்திருக்கவில்லை; இலையை இட்டது. நலத்திலும் அவ்வழியே நல்வழி.

இதில் இரக்கம் மட்டும் அன்று, அறிவுடைமையும் அடங்கியுள்ளது. தொற்றுநோய்க் காலத்தில் ஒருவரின் நலம் அவரோடு நிற்பதில்லை. காய்ச்சலோடு வண்டி ஏறிய அத்தாய்க்கு அருகில் இருபது பேர் அமர்ந்திருந்தனர். அவர்கள் வீடுகளுக்கும் நோய் சென்றிருக்கும். அங்கிருந்து கடைக்கும், கடையிலிருந்து அலுவலருடைய மாடி வீட்டுக்கும் சென்றிருக்கும். ஏழைக்கு நோய்வாய்ப்பட வசதி இல்லாத ஊரில், செல்வருக்கும் காவல் இல்லை. ஆகவே, கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஒருநாள் ஓய்வு, ஊர் முழுவதற்கும் இட்ட மருந்து ஆகும்.

மாணவர்களே, ‘நலமா?’ என்று கேட்பதை நாம் ஒருபோதும் விடவேண்டா. அஃது அழகிய வழக்கம். ஆனால், ‘நலம்’ என்னும் விடை வந்த பின்னும் சற்று நிற்கக் கற்றுக்கொள்வோம். கேட்கப்பட்டவரின் முகத்தைப் பார்ப்போம். அவருடைய வீட்டையும் வேலையையும் எண்ணிப் பார்ப்போம். நாளை நீங்கள் மருத்துவராகலாம், அலுவலராகலாம், ஆலை நடத்துவோராகலாம். அப்போது வாய்ச்சொல்லைக் கேட்பதோடு அளந்தும் பாருங்கள். அளந்து பார்ப்பதோடு, உண்மையைச் சொல்வோர்க்கு இழப்பு நேராமலும் காத்திடுங்கள்.

சூலக்கரைத் தெருமுனையில் விடியற்காலையில் வண்டி வந்து நிற்கும்போது, “அண்ணாச்சி, எனக்கு இன்று உடம்பு சரியில்லை, குணமானதும் வருகிறேன்” என்று ஒரு தாய் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நாள் வரவேண்டும். அந்நாள் முதல்தான், மற்ற நாளில் அவர் சொல்லும் ‘நலம்’ என்னும் சொல்லை நாம் முழுதும் நம்பலாம்.